பேர் கேட்ட தண்ணி

முன்னொரு காலத்துல, மேகமும் மண்ணும் ஒண்ணோட ஒண்ணு பேச்சை நிறுத்தியிருந்த காலத்துல, ஏழுமடைன்னு ஒரு நாடு இருந்துச்சு. ஏழு மடை வெச்ச பெரிய ஏரி ஒண்ணு அந்த நாட்டுக்கு. அதை நம்பித்தான் ஊரெல்லாம் விதைச்சுது, ஊரெல்லாம் தின்னுச்சு. திடீர்னு ஒரு வருஷம் மழை வரலை. அடுத்த வருஷம் வரும்னாங்க. அடுத்த வருஷமும் வரலை. மூணாவது வருஷம் ஜனங்க வானத்தைப் பாக்கிறதையே விட்டுட்டாங்க.

தண்ணி குறைஞ்சா எது கூடும்? சண்டை கூடும். குடத்துக்கு ஒரு மண்டை உடைஞ்சுது. கிணத்தடியில கத்தி எடுத்தாங்க. அப்படி ஒரு சண்டையில விலக்கிவிடப் போன சடையன் குத்துப்பட்டுச் செத்தான். அவன் பெண்டாட்டி வேம்பாயி அப்போ எட்டு மாசம் முழுகாம இருந்தாள். இது அந்த வேம்பாயி கதை.

அவள்தான் அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. நீர்க்கட்டின்னா மடையைத் திறந்து அடைச்சு ஊருக்குத் தண்ணியைப் பங்கு வைக்கிறவங்க. அவள் அப்பன் பார்த்த வேலை அவளுக்கு வந்துச்சு. மூச்சடக்கி முங்கினாள்னா அடிமடைக் கல்லைப் புரட்டிட்டுத்தான் மேல வருவாள். நீர்க்கட்டிக்கு அங்கே மூணு வழக்கம். சொந்தமா ஒரு சாண் நிலம் இருக்கக் கூடாது. ஏரிக்கு ரொம்பத் தூரத்துல இருக்கிற கடைமடைக்காரனுக்குத்தான் முதல் தண்ணி விடணும். பங்கு வைக்கிறவங்க கடைசியிலதான் எடுக்கணும்.

கடைசியில எடுக்கிறதும் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? ஒரு வட்டில். அடியில ஊசித் துளை போட்ட சின்னச் செம்புக் கிண்ணம் அது. தண்ணியில மிதக்கவிட்டா, துளை வழியா மெல்ல நிரம்பி முங்கிப்போகும். முங்கினா ஒருத்தர் முறை முடிஞ்சுதுன்னு கணக்கு. எல்லார் முறையும் முடிஞ்சப்புறம், துளையை விரலால அடைச்சுக்கிட்டு, வட்டில்ல நிக்கிற தண்ணியை நீர்க்கட்டி குடிச்சுக்கலாம். அதுதான் கூலி.

ராஜா மருதவேள் நல்லவர்தான். கிணத்தடியில ரத்தம்னு சேதி வந்த நாள்ல இருந்து அவருக்குச் சோறு இறங்கலை. சட்டம் போடணும்னு மந்திரிகளைக் கூட்டினார். மந்திரிகள் எட்டு நாள் பேசினாங்க. பேசிப் பேசி நாக்கு வறண்டு ஆளுக்கு ரெண்டு செம்பு தண்ணி அதிகமாக் குடிச்சதுதான் மிச்சம். ஒன்பதாம் நாள் சபைக்கு ஒருத்தன் வந்தான்.

கொளுத்துற வெயில்ல நடந்து வந்தவன் உடம்புல ஒரு பொட்டு வேர்வை இல்லை. தோலெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்திருந்துச்சு. இடுப்புல ஒரு சுரைக்குடுக்கை, வாய்க்கு மெழுகு வெச்சு அடைச்சது. அவன் பேரை யார் கேட்டும் சொல்லலை. அதனால அந்த உப்பைப் பார்த்து உவரான்னு கூப்பிட்டாங்க. அவன் பக்கத்துல நின்னவங்களுக்குத் தவளை கத்துற சத்தம் கேட்டுச்சு. இந்தப் பஞ்சத்துல தவளை ஏதுன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க.

"மகாராஜா, மனுஷனுக்குச் சட்டம் போட்டா மனுஷன் மீறுவான்," என்றான் உவரான். "நான் தண்ணிக்கே சட்டம் படிச்சுக் காட்டுறேன். ஏட்டுல பேர் பதிஞ்சவன் வாயில தண்ணி போகும். பதியாதவன் வாயில போகாது. ஒருத்தனும் ரெண்டு பங்கு எடுக்க முடியாது. கத்திக்கு வேலையே இல்லை."

"உனக்கு என்ன கூலி?"

"ஒண்ணும் வேண்டாம். சட்டத்தைச் செப்பேட்டுல வெட்டும்போது கடைசி வரியை மட்டும் நான் வெட்டிக்கிறேன்."

அந்த வரி என்னன்னு ராஜா கேட்டாரா? கேக்கலை. தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு விட்டுட்டார். மாட்டுக்குச் சரி, சட்டத்துக்கு ஆகுமா?

ஏரிக்கரையில முரசு கொட்டி ஜனங்களைக் கேட்டாங்க. "இந்தச் சட்டம் வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க." முதல்ல தூக்கின கை யாருதுன்னா, நிறைமாசமா நின்ன வேம்பாயி கைதான். இனி ஒருத்தி கிணத்தடியில தாலி அறுக்கக் கூடாதுன்னு தூக்கினாள். அவளைப் பார்த்து ஊரே தூக்குச்சு.

பேர் பதிய அரண்மனைக் கணக்கர் தாண்டவராயர் வீடு வீடா வந்தார். வேம்பாயி பிள்ளை பெத்து ரெண்டாம் நாள். பச்சை உடம்புக்காரி வாசல்ல வந்து நின்னாள்.

"பேர் சொல்லு, தாயி."

"நீர்க்கட்டி வேம்பாயி, ஐயா."

"பிள்ளை பேரு?"

"பொம்பளைப் பிள்ளை. பதினாறாம் நாள்தான் பேர் வைப்போம். அதுக்கு முன்னாடி வெச்சா கண்ணு பட்டுடும், எதுவாவது வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுடும்."

"வழக்கம் வழக்கம்தானே," என்று தாண்டவராயர் ஓலையில ஒரு விரல்கடை இடத்தை வெத்தா விட்டுட்டுப் போனார். அவர் மேல தப்பு சொல்லாதீங்க. அவர் பேத்திக்கும் பதினாறாம் நாள்தான் பேர் வெச்சாங்க.

பிள்ளைக்கு அஞ்சாம் நாள் விடிஞ்சுது. ஏரி வத்தி, ஏழாம் மடைப் பள்ளத்துல மட்டும் ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணி நின்னுச்சு. ஓலையில இருந்த பேரெல்லாம் வெட்டி முடிச்ச செப்பேட்டை உவரான் அதுக்குள்ள இறக்கி, மூணு தடவை சட்டத்தைப் படிச்சான். தண்ணியில ஒரு சின்ன அலைகூட எழும்பலை. ஆனா அது கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல ஊர்க் கிணறுகள் பேச ஆரம்பிச்சுது. சத்தமா இல்லை, தூக்கத்துல முணுமுணுக்கிற மாதிரி. "மாயழகு மகன் பிச்சமுத்து. பிச்சமுத்து மகள் சிட்டு. சிட்டு புருஷன் ஒண்டிவீரன்." வாளியை இறக்கினவங்க கயித்தை விட்டுட்டு ஓடினாங்க. கிணத்துல பேசுச்சு, குடத்துல பேசுச்சு, அடுப்புல கொதிக்கிற உலையில பேசுச்சு. பேர், பேர், பேர்.

முதல்ல மாடுகள். தொட்டியில மாடு வாயை வெச்சா, தண்ணி ஒரு பக்கமாச் சாஞ்சு ஒதுங்குச்சு. மாடு நாக்கைச் சுழட்டி வெறும் கல்லை நக்குச்சு. அடுத்து, அன்னைக்குத்தான் ஊருக்குள்ள வந்த வளையல்காரர் ஒருத்தர். செம்பை அண்ணாந்து ஊத்தினார். தண்ணி உதடு வரைக்கும் வந்து, அப்படியே கன்னத்துல வழிஞ்சு ஓடிப்போச்சு. மூணாவது, வேம்பாயி வீட்டுப் பிள்ளை.

வேம்பாயி பிள்ளையை மார்ல போட்டாள். பால் சுரந்துச்சு. ஆனா அது அந்தச் சின்ன உதட்டுல ஒட்டலை, உருண்டு உருண்டு சேலையில விழுந்துச்சு. பாலும் தண்ணிதானே. வெந்நீரை மொண்டு உடம்புல விட்டாள். வயித்தைச் சுத்தி ஒதுங்கி ஓடுச்சு. தொட்டுப் பார்த்தா பிள்ளை உடம்பு காஞ்ச வேட்டி மாதிரி இருந்துச்சு. பக்கத்துல குடம் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. அதுல எல்லார் பேரும் வந்துச்சு, அவள் பேர் வந்துச்சு, அதுக்கடுத்து ஒரு சின்ன மௌனம் வந்துச்சு. அந்த மௌனந்தான் தன் பிள்ளைன்னு அவளுக்குப் புரிஞ்சுது.

பிள்ளையைத் துணியில சுத்திக்கிட்டு, வட்டிலை இடுப்புல செருகிக்கிட்டு, ராஜா சபை கூடியிருந்த ஏரிக்கரைக்கு ஓடினாள்.

"மகாராஜா, என் பிள்ளை பேரைப் பதிஞ்சுக்கோங்க. இப்பவே பேர் வைக்கிறேன்."

ராஜா பதறி மந்திரிகளைப் பார்த்தார். மந்திரிகள் ஓலையைப் பார்த்தாங்க. "சட்டத்துல திருத்தம் கொண்டுவரணும். சபை கூடணும், மூணு தடவை படிக்கணும், முத்திரை வைக்கணும். சுருக்கா முடிச்சாலும் மூணு நாள் ஆகும்."

"பிள்ளை பொழுது சாயிற வரைக்கும் தாங்காது, சாமி."

உவரான் மட்டும் சிரிச்சான். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே? முதல் கையே நீதானே தூக்கினே?"

அந்தச் சொல் அவளை அறைஞ்சுது. உண்மைதான், அவள் தூக்கின கைதான். அவள் செப்பேடு கிடக்கிற ஏழாம் மடைப் பக்கம் திரும்பி நடந்தாள். பின்னாலயே தாண்டவராயர் ஓடி வந்தார். "பிள்ளையை என்கிட்ட குடு, தாயி. வெத்து இடம் விட்ட பாவி நான்தான். நான் வெச்சுக்கிறேன், நீ முங்கு."

உச்சி வெயில். கரையில ஒரு நிழல் இல்லை. அந்த நேரத்துல ஏரிக்குள்ள இறங்கினா கூப்பிடாதது வந்து கூப்பிடும்னு ஊர்ல சொல்வாங்க. வேம்பாயி இறங்கினாள்.

முதல் தடவை முங்கினாள். அடியில செப்பேடு கிடந்துச்சு. தூக்கினாள், மலையைத் தூக்குற கனம். மூச்சு முட்டி மேல வந்தாள். பிள்ளை அழுதுக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டாவது தடவை முங்கினாள். இடுப்புக் கத்தியால எழுத்தைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட எழுத்து முளைச்சுது. மூச்சு முட்டி மேல வந்தாள். பிள்ளை முனகிக்கிட்டு இருந்துச்சு.

மூணாவது தடவை முங்கினாள். இந்தத் தடவை எதையும் தொடலை. அடியில உக்காந்து, மனசுக்குள்ள கேட்டாள். 'உன்னை இத்தனை வருஷம் பங்கு வெச்சேனே. என் பிள்ளையை ஏன் தெரியலை உனக்கு?'

சுத்தி நின்ன தண்ணி இறுகுச்சு. நூறு தொண்டையில இருந்து ஒரே சமயத்துல ஒரு குரல் வந்துச்சு. "எனக்குக் காது இருக்கு, கண் இல்லை. தாகம் யாருக்குன்னு எனக்குத் தெரியாது. சொன்னதைக் கேப்பேன். உன் புருஷன் ரத்தம் கிணத்துல விழுந்தப்பவும் அது யாருதுன்னு எனக்குத் தெரியலை."

'ஏட்டை முழுசாப் படிச்சுக் காட்டு.'

தண்ணி படிச்சுது. பேரெல்லாம் படிச்சு, முத்திரைக்குக் கீழே சின்ன எழுத்துல இருந்த கடைசி வரிக்கு வந்துச்சு. "நீரைப் பங்கு வைப்பவர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார்."

வேம்பாயிக்கு அந்தக் குளிர்லயும் உடம்பு காந்துச்சு. அவள் வழக்கத்தையே உவரான் தலைகீழாக் கவுத்து வெச்சிருந்தான்.

"குடுக்கைக்குள்ள மூணு வருஷ மழையைத் திருடி அடைச்சிருக்கான்," என்றது தண்ணி. "திருட்டுத் தண்ணி தொண்டையில இறங்காது. அவனுக்கு அது சொந்தமாகணும்னா ஒரு ராஜா சட்டம் போட்டுக் கொடுக்கணும். அந்தச் சட்டம்தான் இது. ஆனா தன் பேர் வெளியே தெரிஞ்சா மந்திரம் செத்துடும்னு, பங்கு வைப்பவர் யாருன்னு அவன் எழுதலை. இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள ஜனங்க முன்னாடி யார் பங்கு வைக்கிறாங்களோ, அவங்கதான். அவங்க முதல்ல எடுத்தா இந்த வரி நிலைச்சிடும், குடுக்கையும் அவனுக்குச் சொந்தமாயிடும். கடைசியில எடுத்தா வரி உடையும். ஒரு வரி உடைஞ்சா ஏடே உடையும்."

வேம்பாயி மேல வந்தாள். பிள்ளை சத்தம் நின்னுபோயிருந்துச்சு. வாய் மட்டும் திறந்து திறந்து மூடிச்சு. தாண்டவராயர் அழுதுக்கிட்டு இருந்தார்.

சபைக்கு நடுவுல அரண்மனைக் குடிதண்ணிக் கொப்பரை இருந்துச்சு. அதுக்கிட்ட போய் நின்னாள். "மகாராஜா, இந்த ஏரிக்குப் பங்கு வைக்கிறவ நான். உங்க பாட்டனார் காலத்துல இருந்து எங்க வீட்டு வேலை. இன்னைக்கு நான் பங்கு வைக்கணும்."

"அது உன் உரிமை," என்றார் ராஜா.

உவரான் தடுக்கலை. அதான் பயமா இருந்துச்சு. அவன் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துட்டு, ரொம்ப அன்பாப் பேசினான். "நல்லது, தாயி. நீயே பங்கு வை. சட்டப்படி முதல் பங்கு உனக்குத்தான். எடுத்துப் பிள்ளைக்குக் கொடு. யாரும் உன்னைத் தப்பு சொல்ல மாட்டாங்க."

யாரும் சொல்லத்தான் மாட்டாங்க. நீங்க சொல்வீங்களா? நான் சொல்ல மாட்டேன். வேம்பாயி கை கொப்பரைக்குள்ள போச்சு. விரல் நனைஞ்சுது. அந்த விரலை எடுத்து வாயில வெச்சா பிள்ளை பிழைச்சிடும். அவள் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் வெளியே வந்துச்சு. ஈரத்தைக் கொப்பரையிலேயே உதறிட்டு, வட்டிலை எடுத்து மிதக்கவிட்டாள்.

"கடைமடையில இருந்து வாங்க," என்றாள். "பேர் இல்லாதவங்க முதல்ல."

வளையல்காரர் முன்னால வந்தார். ஒரு கரண்டி மொண்டு அவர் வாய்க்கிட்ட கொண்டுபோனாள். தண்ணி உதட்டுக்கிட்ட நின்னு நடுங்குச்சு. "பேர்?" என்று முணுமுணுத்துச்சு.

"பேர் தெரியாது. தாகம். நான் கண்ணால பாக்கிறேன்," என்றாள் வேம்பாயி.

தண்ணி உள்ளே போச்சு. வளையல்காரர் மடக்குன்னு விழுங்கின சத்தம் சபை முழுக்கக் கேட்டுச்சு.

அடுத்து ஒரு கிழட்டுப் பசு. "பேர்?" "தாகம்." தண்ணி உள்ளே போச்சு. அதுக்கடுத்து சிறகு தொங்கிப் போன ஒரு காக்கா. "பேர்?" "தாகம்." தண்ணி உள்ளே போச்சு. அதுக்கப்புறம் தண்ணி கேக்கிறதை நிறுத்திடுச்சு.

ஜனங்க வரிசையில வந்தாங்க. ஆளுக்கு ஒரு கரண்டி. வேம்பாயி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் ஊத்தினாள். பிள்ளை பக்கம் மட்டும் திரும்பலை. திரும்பினா தன் கை தன் பேச்சைக் கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும். மந்திரிகள் குடிச்சாங்க. கடைசியா ராஜா வந்து, "எனக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கொடு," என்றார்.

"நீங்க குடிக்காம நான் எடுக்க முடியாது, மகாராஜா. சீக்கிரம் குடிங்க."

ராஜா குடிச்சார். பொழுது ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. வேம்பாயி கரண்டியை உள்ளே விட்டாள். கரண்டி அடியில இடிச்சு வெறுமனே வந்துச்சு. கொப்பரை காலி.

உவரான் சிரிச்ச சிரிப்புல அவன் உடம்பு உப்பு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. "பங்கு வைக்கத் தெரிஞ்சவள்தான். தனக்குப் பங்கு வைக்கத் தெரியலையே."

வேம்பாயி கொப்பரைக்குள்ள குனிஞ்சு கையை விட்டாள். முங்கிப்போயிருந்த வட்டில் கையில தட்டுப்பட்டுச்சு. அடித்துளையை விரலால அடைச்சு வெளியே எடுத்தாள். அதுல நிறைய இருந்துச்சு நீர்க்கட்டி கூலி.

தாண்டவராயர் பிள்ளையை நீட்டினார். வட்டில் அந்த உதட்டுல பட்டுச்சு. இந்தத் தடவை தண்ணி ஒண்ணும் கேக்கலை. ஒரு சொட்டு உள்ளே போச்சு. ரெண்டாவது சொட்டு போச்சு. மூணாவது சொட்டுக்குப் பிள்ளை வீல்னு கத்துச்சு. வேம்பாயி அப்படியே மண்ணுல உக்காந்து, அன்னைக்குக் காலையில இருந்து அடக்கி வெச்சிருந்த அழுகையை அழுது தீர்த்தாள்.

பிள்ளை கத்தின அந்த நிமிஷம் ஊர்க் கிணறுகள் ஒவ்வொண்ணா வாயை மூடிச்சு. ஏழாம் மடையில செப்பேடு சருகு மாதிரி மேல மிதந்து வந்து ரெண்டாப் பிளந்துச்சு. அதுல ஒரு எழுத்துகூட இல்லை. உவரான் இடுப்புல குடுக்கை விரிஞ்சுது. முதல்ல தவளைகள் குதிச்சுது. அதுக்குப் பின்னால மூணு வருஷ மழை இரைச்சலோட வெளியே வந்து, கரையை விட்டு ஏரிக்குள்ள இறங்கி, மடை மடையா நிரம்புச்சு.

உவரான் ஒடுங்கிப்போய் நின்னான். நாக்கு வெளியே தொங்குச்சு. ஓடிவந்து ஏரியில குனிஞ்சான். தண்ணி அவன் வாய்க்கு ஒதுங்குச்சு. பேர் இல்லாத வாய்க்கு ஒதுங்குன்னு அதைப் பழக்கினதே அவன்தான், அவன் பேர்தான் எங்கேயும் பதியலையே.

வேம்பாயி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தாள். "உங்களுக்கும் தாகம்தான். பாக்கிறேன். நான் சொன்னா அது கேக்கும். வந்து வரிசையில கடைசியா நில்லுங்க, ஊத்துறேன்."

"கடைசியிலயா? நானா?" என்றான் உவரான்.

அவ்வளவுதான் பேசினான். முதுகைக் காட்டிக் கரையோரமா நடந்தான். நடக்க நடக்கக் குட்டையானான். கரை முடியிற இடத்துல போய்ப் பார்த்தாங்க. முழங்கால் உயரத்துக்கு ஒரு உப்புக் குவியல் இருந்துச்சு. இன்னைக்கும் உச்சி வெயில்ல அந்தப் பக்கம் ஆடுகூட மேயாது.

ராஜா மந்திரிகளைக் கூட்டிப் புதுச் சட்டம் போட்டார். இந்தத் தடவை கடைசி வரியை முதல்ல படிக்கச் சொன்னார். அதுல இருந்ததே ஒரு வரிதான்: பங்கு வைப்பவர் கடைசியில் எடுக்கணும், அரண்மனையும் சேர்த்து.

பதினாறாம் நாள் வந்துச்சு. பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம்னு வேம்பாயி கிணத்தடியில நின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாள். கிணத்துக்குள்ள இருந்து மெல்ல ஒரு குரல் வந்துச்சு. "குமிழி." ஒரே ஒரு தடவைதான். அவளுக்கு முதல்ல மயிர்க்கூச்செறிஞ்சுது. அப்புறம் பிள்ளை காதுல அதையே மூணு தடவை சொன்னாள். தாண்டவராயர் ஓலையைத் தேடி எடுத்து, வெத்தா விட்ட அந்த விரல்கடை இடத்துல எழுதினார். அளவெடுத்த மாதிரி சரியா அடங்குச்சு.

அவங்க ஏரி நிறைஞ்சுது, நம்ம வீட்டுக் குடமும் நிறையட்டும். குடிக்கிறதுக்கு முன்னாடி மட்டும், பக்கத்துல யாருக்குத் தாகம்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கோங்க.